கழுவெளிக்கு வரும் விருந்தாளிகள்

புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே மரக்காணம் நோக்கிப் போனால், சாலைக்கு மேற்கே ஒரு பெரும் நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கிறது. அதுதான் கழுவெளி. பழவேற்காடு ஏரிக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள்.

சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்தால், அந்த மழைநீர் ஓடைகள் வழியே இங்கேதான் வந்து சேரும். கடல்நீரோ இடையன்திட்டு முகத்துவாரம் வழியாக உள்ளே ஏறும். அதனால் ஒரே ஏரியில் ஒரு பக்கம் நன்னீர், இன்னொரு பக்கம் உப்புநீர். இரண்டும் கலக்கும் இடத்தில் மீனும் இறாலும் பெருகும். மீன் இருக்கும் இடத்துக்குக் கூழைக்கடாவை அழைக்கவா வேண்டும்? குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்துகூட பறவைகள் கடவுச்சீட்டு இல்லாமலே வந்து இறங்குகின்றன.

கோடையில் ஏரி வற்றிப்போய் வெறும் களிமண்ணாகக் கிடக்கும்போது, ‘சும்மா கிடக்கிற நிலம்தானே’ என்று சிலருக்குத் தோன்றும். ஆக்கிரமிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை கொட்டினால், வெள்ளம் பரவி நிற்க அந்த இடம்தான் வேண்டும். இல்லாவிட்டால் அது வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் இடம் தேடும்.

2021 டிசம்பரில் தமிழக அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பரப்பு 5,000 ஹெக்டேருக்கும் மேல். 2024 ஆகஸ்டில், திருப்பூர் நஞ்சராயன் குளத்தோடு சேர்ந்து, கழுவெளியும் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது. 1971-ல் ஈரானின் ராம்சர் நகரில் உருவான, உலக ஈரநிலங்களுக்கான உடன்படிக்கையின் பட்டியல் அது.

மழைக்காலம் முடிந்த கையோடு, ஒரு விடியற்காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது.