தம்பிக்குப் பின்னிய ஸ்வெட்டர்

(தோட்டத் தையல் வகுப்பின் நிறைவு நாளன்று, பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் ஆற்றிய உரை)



பின்னல் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கண்டியில் எதுக்கு ஸ்வெட்டர் என்று பின்னால் யாரோ சிரிக்கிறீங்க. டவுனில் போட்டுக்கொண்டு நின்றால் வேர்த்துக் கொட்டும், உண்மைதான். டவுன் இருப்பது சுமார் 1,600 அடி உயரத்தில். ஆனால் தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கம் மேலே ஏறிப் பாருங்க. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரை அங்கேதான் இருக்கிறது. மார்கழியில் பிரட்டுக்குப் போகும்போது பல்லு கிட்டிப்போகும்.

நம்ம பாட்டன் பூட்டன் கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்து வந்தவர்கள். குளிர் தெரியாத சனம். தோட்டத்தில் ஆளுக்கொரு கம்பளி கொடுத்தார்கள். இனாமாக இல்லை, சம்பளத்தில் கழித்துக்கொண்டார்கள். மழைக்கு முக்காடும் அதுதான், ராத்திரிக்குப் போர்வையும் அதுதான். அந்தக் கம்பளி தறியில் நெய்தது. நான் பேச வந்தது ஊசியில் பின்னுவதைப் பற்றி.

நான் பின்னக் கற்றது என் தம்பிக்காக. 1964இல் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் நம்ம லயங்களில் எத்தனை வீட்டைப் பிரித்தது என்று பெரியவர்களுக்குத் தெரியும். நான் கல்யாணம் முடித்து இங்கே தங்கிவிட்டேன். 1983இல் அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். தம்பிக்கு அப்போது 14 வயது. அடுத்த வருசமே அந்தக் கப்பலும் நின்றுபோனது. நீலகிரியில், கோத்தகிரிப் பக்கம், நம்மைப்போல் போனவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தோட்டத்தில் வேலை கிடைத்தது. கடிதத்தில் தம்பி எழுதுவான்: "அக்கா, நம்ம ஊர்க் குளிரெல்லாம் குளிரே இல்லை."

1994இல் எங்க பக்கத்தில் ஒருத்தர் இந்தியா போவதாக இருந்தார். அவர் கையில் ஒரு ஸ்வெட்டர் கொடுத்தனுப்ப நினைத்தேன். ஒரு டீச்சரம்மா பின்னிக் காட்டினார். "மெல்லிய நூலில் ஆரம்பிக்காதே, கொழுந்து கிள்ளின விரல் வெடித்திருக்கும், நூல் சிக்கும். மொத்த ஊலில் பின்னு" என்றார். அது சரியான புத்தி. மெல்லிய நூலில் இரண்டு மாசம் இழுக்கும் வேலை மொத்த நூலில் ராத்திரி ராத்திரி பின்னினால் இரண்டு மூன்று வாரத்தில் முடியும்.

பிள்ளைகளே, இதைக் கேட்டுக்கொள்ளுங்க. மொத்த ஊலுக்கு ஆறரை மில்லிமீட்டர் ஊசி எடுக்கலாம், பழைய கணக்கில் 3ஆம் நம்பர். பழைய நம்பரில் எண் குறையக் குறைய ஊசி பெருக்கும், கடையில் ஏமாறாதீங்க. மொத்த ஊல் கிடைக்காவிட்டால் சாதாரண டபுள் நிட்டிங் நூலை இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னுங்க, அதே மொத்தம் வரும். முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, 4 அங்குலத்துக்கு எத்தனை கண்ணி என்று எண்ணணும். 14 வந்தால் அங்குலத்துக்கு மூன்றரை. நெஞ்சு 36 அங்குலம் என்றால், உள்ளே சட்டை போட 4 அங்குலம் கூட்டி 40. அதில் பாதி 20, அதற்கு 70 கண்ணி. முன்பக்கம் 70, பின்பக்கம் 70. அவ்வளவுதான் கணக்கு, கொழுந்து நிறுக்கிற கணக்கைவிட லேசு.

கடையில் ஊல் என்று விற்பதெல்லாம் ஆட்டு ரோமம் இல்லை, நிறைய அக்ரிலிக். ஒரு இழையைக் கொளுத்திப் பாருங்க. முடி கருகிய வாசம் வந்து, சாம்பல் பொடிந்தால் அசல் ஊல். உருகிக் கட்டியானால் அக்ரிலிக். விறகடுப்பில் ஊதுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டு நெருப்புக்கிட்டப் போகாதீங்க, உருகித் தோலில் ஒட்டும். அசல் ஊல் கொஞ்சம் ஈரம் குடித்தாலும் உடம்பில் ஈரம் தெரியாது, பனிமூட்டத்துக்கு நல்லது. ஆனால் சுடுதண்ணியில் போட்டால் சுருங்கிப் பிள்ளை சட்டையாகிவிடும். கொடியில் தொங்கவிடவும் வேண்டாம், தண்ணிப் பாரத்தில் இழுபடும். சாக்கில் விரித்துக் காயவிடுங்க.

நான் விட்ட பிழைகளையும் சொல்லணும். ஆண் பிள்ளைக்கு ஒரு கிலோவுக்குக் கிட்ட ஊல் வேணும். ஒரே தடவையில் வாங்க என் கையில் காசில்லை. சம்பளத்துக்குச் சம்பளம் டவுனுக்குப் போய் இரண்டிரண்டு உருண்டையாக வாங்கினேன். ஒரே நீலம் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் மூன்று நீலம்! உருண்டையில் சுற்றிய தாளில் சாய நம்பர் போட்டிருப்பார்கள், அது ஒன்றாக இருக்கணும். முடியாவிட்டால் இரண்டு வரி பழையது, இரண்டு வரி புதியது என்று மாற்றி மாற்றிப் பின்னினால் வித்தியாசம் கண்ணில் படாது.

அடுத்த பிழை அளவு. அவன் விட்டுப்போன ஒரு சட்டை என்னிடம் இருந்தது, 14 வயதுச் சட்டை. வளர்ந்திருப்பான் என்று உடம்புக்குக் கூட்டினேன், கைக்கும் கூட்டினேன். என் மனசில் அவன் எவ்வளவு வளர்ந்தானோ அவ்வளவு. போட்டோ வந்தது. ஸ்வெட்டர் போட்டு, மீசையோடு ஒரு ஆம்பிளை நிற்கிறான். கை மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே நிற்கிறது. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, குளிருக்குச் சுகமாக இருக்கு என்று மட்டும் எழுதியிருந்தான்.

2004இல் வந்தான். 21 வருசத்துக்குப் பிறகு. பையிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தான். மணிக்கட்டுப் பட்டியை வெட்டி எடுத்துவிட்டு, கண்ணிகளை ஊசியில் கோத்து, கீழ்நோக்கிப் பின்னினேன். தைத்த துணியில் இப்படிச் செய்ய முடியாது, பின்னலில் முடியும். அந்த நீலம் கடையில் இல்லை, சாம்பல் நிறம்தான் கிடைத்தது. அவன் லயத்து வாசலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் அளந்து அளந்து பின்னினேன். இரண்டு ராத்திரியில் முடிந்த வேலைதான், நான்தான் நாலு ராத்திரி இழுத்தேன்.

போன மாசம் அவன் மகள் போனில் ஸ்வெட்டரைக் காட்டினாள். சாம்பல் பட்டி நன்றாக இருக்கு, முழங்கையில் ஓட்டை. யாராவது வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கேன். என் கண் இப்போது மங்கல், இந்த வகுப்பில் முதலாவது வந்த பிள்ளை ஊசியில் கண்ணி எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.