மீண்டும் ஓடுகளத்தில்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் தலைமையாசிரியன் ஒருவன் ஏட்டுக் கல்வியைப் பற்றியே பேசுவான் என நீங்கள் எண்ணியிருக்கலாம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள், நடுவயதைக் கடந்து ஓடுவோர் காயமுற்றபின் மீண்டும் களம் இறங்குவது எவ்வாறு என்பதாகும்.

நம் மூத்தோரில் பலருக்கு இளமையில் ஓடி விளையாடப் பொழுதில்லை. வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பே இருந்தது. நாற்பது வயதுக்குப் பின்னரே சற்று ஓய்வு வாய்க்கிறது. அப்போது ஓடத் தொடங்கிய ஒருவர் காலில் காயமுற்றால், "இந்த வயதில் இது எதற்கு?" என்று ஊர் கேட்கிறது. அக்கேள்விக்கு விடை காண்பது நம் கடமை.

மூத்தோர் தடகளத்தில் 35 வயது நிறைந்த ஆடவரும் மகளிரும் பங்கேற்கலாம். ஐந்து ஐந்து வயதாகப் பிரிவுகள் வகுத்துள்ளனர். முதல் உலகப் போட்டி 1975இல் கனடாவின் டொராண்டோ நகரில் நடைபெற்றது. ஐம்பத்தைந்து வயதினரை இருபத்தைந்து வயதினரோடு ஒப்பிடுவது நேர்மையன்று என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள். காயத்திலிருந்து மீள்பவரும் இதே நேர்மையைத் தம்மிடம் காட்டிக்கொள்ளல் வேண்டும். சென்ற ஆண்டின் தம் வேகத்தோடு இன்றைய காலை ஒப்பிடலாகாது.

அவசரம் ஏன் கேடு தருகிறது? ஓய்வுக்குப் பின் மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் நாணோ மெல்லத்தான் தேறும். அதற்குச் செல்லும் குருதி குறைவு. மூச்சு "ஓடு" என்னும். நாண் "பொறு" என்னும். மூச்சின் சொல்லை மட்டும் கேட்பவர் மீண்டும் படுக்கையில் விழுகிறார்.

அதற்காக அசையாமலே கிடப்பதும் மருந்தன்று. சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வை நோக்குங்கள். குதிகால் நாணில் நாட்பட்ட வலி கொண்ட நடுவயது ஓட்டக்காரர் பதினைவருக்கு அவர் ஒரு பயிற்சி அளித்தார். படியின் விளிம்பில் முன்பாதம் ஊன்றி, குதிகாலை மெல்லக் கீழே இறக்குதல். மேலே எழும்போது நல்ல காலின் துணை கொள்ளுதல். முழங்காலை நீட்டி ஒரு முறையும், மடக்கி ஒரு முறையுமாக, நாளுக்கு 180 தடவை, 12 வாரம். பதினைவரும் முன்போல் ஓடினர். இப்பயிற்சியை வீட்டு வாசற்படியிலும் செய்யலாம்.

ஆயினும் நாண் திடீரென அறுந்தாற்போல் உணர்ந்தாலும், முன்பாதம் ஊன்றி எழ இயலாவிடினும், பயிற்சியை நாடாது உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். மற்றையோர் முதலில் நடையும், பின்னர் நடையும் ஓட்டமும் கலந்தும், அதன்பின் மெல்லோட்டமும், எல்லாவற்றிற்கும் இறுதியில் விரைவோட்டமும் மேற்கொள்க. மறுநாள் காலை வலி மிகுந்திருப்பின் ஒரு படி இறங்குக.

இலண்டனில் 1931இல் பிறந்து கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக் என்னும் பொறியாளர், இளமையில் விட்ட ஓட்டத்தை நாற்பதைக் கடந்து மீண்டும் தொடங்கினார். பிற்காலத்தில் முழங்கால் மூட்டு நோய் அவரைப் பலகால் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் பொறுத்திருந்து திரும்பினார். 2003இல், 72 வயதில், மாரத்தானை 2 மணி 59 நிமிடம் 10 நொடியில் முடித்தார். 2016இல், 85 வயதில், அதே தொலைவுக்கு 3 மணி 56 நிமிடம் 34 நொடி ஆயிற்று. காலம் கூடியதால் அவர் களம் இகழவில்லை. அவ்வயதில் எவரும் அதுவரை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை.

இளைஞர்களே! உங்கள் தந்தையோ தாயோ காலில் கட்டு நீங்கி மைதானத்திற்கு வரும் நாளில் நகையாதீர்கள். நிறுத்துகடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உடன் நில்லுங்கள். அவர்கள் கேளாமலே நேரத்தைக் குறித்து வையுங்கள். அடுத்த மாதம் அக்குறிப்பே அவர்களுக்கு ஊன்றுகோலாகும்.