அட்சய திருதியையும் கடன் அட்டையும்

(விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விருஷப தேவர் துறவு பூண்டு, நீண்ட நோன்பிற்குப்பின் உணவு ஏற்க ஊர்தோறும் எழுந்தருளினார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையறியாத மக்கள் மணிகளையும் அணிகலன்களையும் ஊர்திகளையும் கொணர்ந்து முன்வைத்தனர். அவற்றுள் ஒன்றையும் அவர் ஏற்றிலர். அத்தினாபுரத்தில் சிரேயாம்ச மன்னன் முறையறிந்து அளித்த கருப்பஞ்சாற்றையே ஏற்றருளினார். அந்நாளே அட்சய திருதியை. அணிகலனை மறுத்த அத்திருநாள் இன்று அணிகலன் வாங்கும் நாளாகிவிட்டது. கையில் பணமில்லாதவரும் கடன் அட்டையை நீட்டும் நாளாகிவிட்டது.

நகைக்கடைக் கூட்டம் ஒருநாளோடு கலைகிறது. கைப்பேசியோ ஆண்டு முழுதும் கடை விரிக்கிறது. ‘தள்ளுபடி இன்றிரவோடு முடிகிறது’ என்னும் அறிவிப்பு, எண்ணிப் பார்க்கும் பொழுதைப் பறித்துவிடுகிறது. பொருள் வருவது தெரிகிறது. பணம் போவது தெரிவதில்லை.

அட்டைக் கடன் 50,000 ரூபாய் எனக் கொள்க. மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை எனில் 1,750 ரூபாய். அவ்வட்டியின்மீது 18 விழுக்காடு வரி 315 ரூபாய். அம்மாதம் 2,500 ரூபாய் கட்டினால் அசலில் கழிவது 435 ரூபாயே! நிலுவை நிற்கும்போது புதிதாக வாங்கும் சேலைக்கும் வாங்கிய நாள்முதல் வட்டி ஏறும்.

இந்நோய்க்கு மருந்து இல்லறத்தார் ஒழுக்கத்திலேயே உண்டு. துய்க்கும் பொருளுக்கு அளவு வகுப்பது போகோபபோக பரிமாண விரதம். அதனை வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம். ஒருநாள், ஒரு பட்சம், ஒரு திங்கள், ஒரு பருவம் என எல்லை வகுக்க இடந்தருகிறது சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம். மனித மனத்தை நன்கறிந்த வழி இது. ‘இனி எதையும் வாங்குவதில்லை’ என்று வெகுண்டெழுந்து எடுத்த முடிவு ஒரு வாரத்தில் உடைகிறது. உடைத்தவர் நாணி மறைக்கிறார். மறைத்தவர் மேலும் வாங்குகிறார். சிறிய நியமமோ காக்க எளிது. காத்தபின் அடுத்ததை ஏற்கத் துணிவு பிறக்கிறது.

ஆதலின் முதலில் ஒரு திங்கள் நியமம் போதும். கைப்பேசியில் சேமித்த அட்டை எண்ணை நீக்குக. விரும்பிய பொருளை வாங்காது தாளில் எழுதி, ஒரு பட்சம் காத்திருக்க. பதினைந்தாம் நாளும் அது தேவையெனில், கையிலுள்ள பணத்தால் மட்டும் வாங்குக. மிஞ்சிய தொகையை மிகுந்த வட்டியுள்ள கடனுக்கு முதலில் செலுத்துக. இவை எல்லாவற்றினும் அரியது ஒன்றுண்டு: கடன் முழுவதையும் இல்லத்தார் முன் மறையாது உரைத்தல். கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் மறைத்த கடன்தான் விரைந்து வளர்கிறது.

இத்திருநாளின் உயிர் தானம். கடன்பட்ட கை தானத்திற்கு நீள்வதில்லை. வேண்டுவோர் வாயிலில் நிற்கும்போது அது தயங்குகிறது. கடன் தீர்ந்த இல்லத்தில்தான் ஒரு குவளைக் கருப்பஞ்சாறும் மனமுவந்து அளிக்கப்படும். அந்த மகிழ்ச்சியே அட்சயம், குறைவில்லாச் செல்வம்.