இரண்டே தீர்வுகள் ஏன் இல்லை?



ஒருபடிச் சமன்பாடுகளைத் தீர்க்கும் மாணவர், இறுதி வரியில் ‘0 = 1’ என்று கண்டவுடன் அழிப்பானைத் தேடுகின்றார். அவ்வரியே விடையாகவும் இருக்கக்கூடும்.

இரண்டு எழுதுகோல்களும் மூன்று குறிப்பேடுகளும் 12 வெள்ளி என்று கொள்வோம். அதே விலையில் நான்கு எழுதுகோல்களும் ஆறு குறிப்பேடுகளும் 25 வெள்ளி என்றால், முதற்கூற்றை இரட்டித்துக் கழிக்கும்போது 0 = 1 என்றே வரும். இரு கூற்றுகளுக்கும் பொருந்தும் விலை கிடையாது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை ‘ஒருங்கமைவற்ற’ தொகுப்பு என்கின்றன. குறையைக் கணக்கிட்டவர்மீது சுமத்தாமல் கூற்றுகளின்மீதே வைக்கும் நல்ல சொல் அது.

இனி 25ஐ 24 ஆக்குவோம். இரண்டாம் கூற்று புதிதாக எதையும் சொல்லவில்லை. எழுதுகோல் 3 வெள்ளி, குறிப்பேடு 2 வெள்ளி என்பது பொருந்தும், 1.50, 3 என்பதும் பொருந்தும். அப்படியானால் தீர்வுகள் இரண்டுதாமா? இவ்விரண்டின் சராசரியை எடுங்கள்: 2.25, 2.50. அதுவும் பொருந்துகின்றது! இது தற்செயலன்று. ஒருபடிச் சமன்பாட்டை நிறைவு செய்யும் இரு தீர்வுகளின் நடுப்புள்ளியும் அதனை நிறைவு செய்தே தீரும். அந்த நடுப்புள்ளிக்கும் பழைய தீர்வுக்கும் இடையே மற்றொரு நடுப்புள்ளி. இதற்கு முடிவே இல்லை. ஆகவே தீர்வு இல்லாதிருக்கலாம், ஒன்றாயிருக்கலாம், எண்ணற்றனவாயிருக்கலாம். இரண்டு மட்டுமாகவோ ஏழு மட்டுமாகவோ இருத்தல் இயலாது. சமன்பாடுகள் நூறானாலும் இதுவே நிலை.

ஆனால் பின்னங்களுக்கு இடமில்லாத கணக்குகளும் உண்டு. சீன அறிஞர் ஜாங் சியூஜியான் 5ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் நூறு கோழிக் கணக்கு வருகின்றது. சேவல் ஒன்று 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சுகள் மூன்று 1 காசு. 100 காசுக்கு 100 பறவைகள் வாங்க வேண்டும். அவர் தந்த விடைகள் மூன்று: சேவல், பெட்டை, குஞ்சு என்ற வரிசையில் 4, 18, 78, 8, 11, 81, 12, 4, 84. சேவலே வாங்காவிடில் 0, 25, 75 என நான்காவதும் உண்டு. எண்ணற்றவை எங்கே போயின? முதலிரண்டு விடைகளின் நடுவில் 6 சேவல்களும் பதினான்கரைப் பெட்டைகளும் நிற்கின்றன. அரைக்கோழியை எந்தச் சந்தையில் விற்பார்கள்?