"உங்க கருத்து என்ன?": ஐயெல்ட்ஸ் கட்டுரைக்கு எப்படிப் பழகுவது

போன எபிசோட்ல ரைட்டிங் முதல் டாஸ்க், அதாவது வரைபடம், அட்டவணை பற்றிப் பேசினோம். அதற்கப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் முதல் டாஸ்க்கைப் பற்றியே இல்லை. "சார், எஸ்ஸே எத்தனை எழுதிப் பார்த்தாலும் 6-லயே நிக்குது, என்ன பண்றது?" இதைத்தான் ஆளாளுக்கு வேறு வேறு மாதிரி கேட்டிருந்தீங்க. அதனால் இன்னைக்கு முழுக்க இரண்டாவது டாஸ்க். அதிலும் கருத்துக் கட்டுரை மட்டும்.

விதிமுறைகளை வேகமாகச் சொல்லிடறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கோங்க. ரைட்டிங்குக்கு மொத்தம் 60 நிமிஷம். அதில் 40 நிமிஷத்தை இரண்டாவது டாஸ்க்குக்கு ஒதுக்கச் சொல்கிறார்கள். குறைந்தது 250 சொற்கள். முதல் டாஸ்க்கைவிட இதற்கு இரண்டு மடங்கு மதிப்பு. அகாடமிக் எழுதினாலும் ஜெனரல் டிரெயினிங் எழுதினாலும் இந்தக் கட்டுரை உண்டு. திருத்துவதற்கு நான்கு அளவுகோல்: கேட்டதற்குப் பதில் சொன்னீர்களா, கோர்வையாகப் போகிறதா, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம மதிப்பு. நம்ம ஆட்கள் கடைசி இரண்டுக்குத்தான் உயிரை விடறாங்க. ஆனால் 6-ல் நிற்கிறவர்களுடைய தாள்களைப் பார்த்தால், பெரும்பாலும் ஓட்டை முதல் அளவுகோலில்தான் இருக்கும்.

அந்த முதல் அளவுகோல் என்ன கேட்கிறது? மதிப்பீட்டு விவரம் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது, ஒருமுறை உட்கார்ந்து படிங்க. 7 வேண்டுமென்றால் உங்கள் நிலைப்பாடு தெளிவாக இருக்கணும், அது கட்டுரை முழுக்கத் தெரியணும். முன்னுரையில் ஒரு தடவை, முடிவுரையில் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு, நடுவில் காணாமல் போனால் போதாது.

இங்கேதான் நமக்கு ஒரு சங்கடம். பள்ளியில் கட்டுரை எழுதப் பழகிய விதத்தை நினைச்சுப் பாருங்க. குறிப்புச்சட்டகம் கொடுப்பாங்க. முன்னுரை, நான்கைந்து உள்தலைப்பு, முடிவுரை. 'மரம் வளர்ப்போம்', 'சாலைப் பாதுகாப்பு', 'நூலகத்தின் பயன்'. வருஷக்கணக்கா எழுதினோம். அதில் ஒரு தடவையாவது "இதை நான் ஏற்கவில்லை" என்று எழுத இடம் இருந்ததா? தலைப்பிலேயே முடிவு வந்துடுச்சு, அதற்கு அலங்காரம் செய்வதுதான் நம்ம வேலை. அந்தப் பழக்கத்தோடு இந்தத் தேர்வுக்கு வருகிறோம். இங்கே தலைப்பு முடிவைச் சொல்லவில்லை, நம்மைச் சொல்லச் சொல்கிறது. உடனே கை நடுங்கி, "இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஆனால் கருத்துச் சொல்கிற மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. பட்டிமன்றம் பார்க்காத வீடு உண்டா? நான் வகுப்பில் இதை வைத்துத்தான் விளக்குவேன். "எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் அல்லது மறுக்கிறீர்கள்" என்று கேள்வி வந்தால், நீங்கள் ஓர் அணியின் பேச்சாளர். எதிரணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம், ஆனால் கடைசிவரை உங்கள் அணியிலேயே இருக்கணும். "இரண்டு தரப்பையும் அலசி, உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்" என்று வந்தால், நீங்கள் சாலமன் பாப்பையா இடத்தில் உட்கார்ந்திருக்கீங்க. இரண்டு பக்கத்தையும் நியாயமாகக் கேட்கணும், அப்புறம் தீர்ப்புச் சொல்லணும். சில பட்டிமன்றங்களில் நடுவர் "இரண்டுமே வேண்டும்" என்று முடித்து எல்லாரையும் சந்தோஷமா வீட்டுக்கு அனுப்புவார். பொங்கல் அன்னைக்கு அது சரி. தேர்வில் அந்தத் தீர்ப்புக்கு மார்க் கிடைக்காது.

என்கிட்ட வந்த ஒரு நர்ஸைப் பற்றிச் சொல்றேன், பெயர் வேண்டாம். பன்னிரண்டு வருஷ அனுபவம், பெரும்பகுதி ஐசியூவில். இங்கிலாந்து போக முயற்சி பண்ணிட்டிருந்தார். அங்கே நர்ஸ்களைப் பதிவு செய்கிற என்எம்சி, லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் 7 கேட்கிறது. ரைட்டிங்கில் மட்டும் 2018 டிசம்பரிலிருந்து 6.5 போதும், அதற்கு முன்னால் அதிலும் 7 கேட்டார்கள். இவருக்கு மற்ற மூன்றும் வந்தாச்சு. ரைட்டிங் மூன்று தடவையும் 6. ஒவ்வொரு தடவையும் கட்டணம் மட்டுமே பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு நர்ஸோட மாசச் சம்பளத்தில் அது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேர்வு முடிவு இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும் என்பதால், வந்த மூன்று 7-களுக்கும் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

எழுதிப் பழகிய நோட்டைக் கொண்டுவந்தார். 43 கட்டுரைகள். இங்கிலீஷ் மோசமில்லை. ஆனால் 43-லும் ஒரே முன்னுரை, ஒரே முடிவுரை, நடுவில் பெயர்ச்சொற்கள் மட்டும் மாறியிருந்தன. ஒரு பயிற்சி மையத்தில் அப்படித்தான் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கு செல்போன் கொடுக்கலாமா என்ற கட்டுரையை எடுத்து, "சிஸ்டர், இதில் உங்க கருத்து என்ன?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எனக்குன்னு என்ன சார் கருத்து இருக்கு? இதுவரைக்கும் யார் என்கிட்ட கேட்டாங்க?" என்றார்.

சரின்னு வேற கேட்டேன். "ஐசியூவுக்குள்ள பார்வையாளர்களை எத்தனை பேர் விடலாம்?"

பத்து நிமிஷம் நிறுத்தவே இல்லை. ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் விடணும்னார். நோய்த்தொற்று ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம், நாலு பேர் சேர்ந்து நின்றால் நாலு பேரும் நர்ஸிடம் தனித்தனியாக அதே கேள்வியைக் கேட்பாங்க, அந்த நேரம் நோயாளியிடமிருந்து போகுது என்றார். ஒரு ராத்திரி நடந்ததைச் சொன்னார். கடைசியாக, "ஆனா பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சுன்னா இந்த ரூல் எல்லாம் பார்க்கக் கூடாது சார், வீட்டு ஆளுங்களை விட்டுடணும்" என்றார். நிலைப்பாடு, காரணம், உதாரணம், விதிவிலக்கு. 7 வாங்குகிற கட்டுரையில் இருக்க வேண்டியது எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தது. நோட்டில் இருந்த 43-லும் இல்லை.

அதுக்கப்புறம் ஆறு வாரம் அவர் மொத்தமே பத்துப் பன்னிரண்டு கட்டுரைதான் எழுதினார். நாலாவது தடவை 6.5 வந்தது. அந்த ஆறு வாரத்தில் அவருடைய இலக்கணம் பெரிசா ஒண்ணும் மாறலை. பழகின விதம்தான் மாறிச்சு. அதைத்தான் இப்போ சொல்லப் போறேன்.

எழுதிப் பழகுவதற்கு முன்னால் முடிவெடுத்துப் பழகணும். தினமும் மூணு கேள்வி எடுத்துக்கோங்க. பேனா வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம். வீட்டில் யாராவது ஒருத்தரிடம், தமிழில், வாய்விட்டு உங்கள் முடிவைச் சொல்லுங்க. கேட்கிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இரண்டு தடவை "ஏன்?" கேட்கணும். அம்மாக்கள் இதற்கு ரொம்பப் பொருத்தம், அவங்க சும்மாவே கேட்பாங்க. முதல் "ஏன்"-க்கு எல்லோரும் பதில் சொல்லிடுவோம். இரண்டாவது "ஏன்"-ல்தான் உண்மையான காரணம் வெளியே வரும், அல்லது காரணமே இல்லை என்று தெரியவரும்.

ஒரு உதாரணம். "நகரங்களில் பொதுப் பேருந்து எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" வகுப்பில் வருகிற முதல் பதில், "நல்லதுதான் சார், ஆனா அரசுக்குச் செலவு." இது கருத்தில்லை, பெருமூச்சு. ஏன் நல்லது? "ஏழைகளுக்கு உதவும்." அது ஏன் பஸ் டிக்கெட்டில் போய் நிற்கிறது? இப்போதுதான் யோசிக்க ஆரம்பிப்பாங்க. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தப் பஸ்ஸில் போகிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீங்க. ஒரு மாணவி சொன்னார்: அவங்க வீட்டில் வேலை செய்கிற அம்மா, முன்பு நடந்து போகிற தூரத்தில் இருந்த வீடுகளில் மட்டும்தான் வேலை எடுப்பாங்க, இப்போ நாலு ஸ்டாப்பிங் தள்ளி இன்னொரு வீடும் போறாங்க. அது போதும், அதுவே உதாரணம். லக்சம்பர்க் நாடு 2020-ல் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது என்று தெரிந்தால் அதையும் எழுதலாம், தெரியாவிட்டால் ஒன்றும் நஷ்டமில்லை.

பேசப் பேச அந்த மாணவியின் நிலைப்பாடு இப்படி வந்து நின்றது: பேருந்தை மட்டுமே நம்பியிருக்கிறவர்களுக்கு இலவசம் வேண்டும். எல்லோருக்கும் வேண்டாம், ஏனென்றால் கார் வைத்திருப்பவர் டிக்கெட் விலைக்காகக் காரை எடுக்கவில்லை, பஸ் எப்போ வரும் என்று தெரியாததால் எடுக்கிறார். அந்தப் பணத்தில் கூடுதல் பஸ் விட்டால்தான் அவர் இறங்கி வருவார். இதற்குப் பெயர் "ஓரளவு ஏற்கிறேன்". எந்தப் பாதியை ஏற்கிறோம், எந்தப் பாதியை மறுக்கிறோம், ஏன், எல்லாம் தெளிவா இருக்கு. வெறுமே "பார்ஷியலி அக்ரீ" என்று எழுதிவிட்டு நன்மைக்கு ஒரு பத்தி, தீமைக்கு ஒரு பத்தி போடுவது வேறு. அது மதில் மேல் பூனை.

அடுத்து, எழுதும்போது வருகிற ஒரு சிக்கல். தமிழில் நாம் சுற்றி வந்து கடைசியில் விஷயத்தைச் சொல்கிறவர்கள். வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிற மாதிரி, பத்தியிலும் முடிவு கடைசியில் வரும். "ஆகவே", "எனவே" என்று தொடங்குகிற அந்தக் கடைசி வரியில்தான் உயிர் இருக்கும். தமிழில் அது அழகு. இந்தத் தேர்வுக்கான இங்கிலீஷ் பத்தியில் திருத்துபவர் அதை முதல் வரியில் தேடுகிறார். அதனால் எழுதி முடித்ததும் ஒரு வேலை செய்யுங்க: ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியையும் எடுத்து முதலில் வைத்துப் படிங்க. பல தடவை அப்படியே பொருந்திடும். அப்புறம் பத்திகளின் முதல் வரியைத் தவிர மற்றதையெல்லாம் பேப்பரால் மறைச்சுட்டு, தெரிகிற நாலு வரியை மட்டும் வீட்டில் ஒருத்தரிடம் படிச்சுக் காட்டுங்க. நீங்க எந்தப் பக்கம் என்று அவங்களால் சொல்ல முடியணும்.

எத்தனை கட்டுரை எழுதலாம்? வாரத்துக்கு இரண்டு போதும். ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. முதல் தடவை கடிகாரம் வைத்து 40 நிமிஷம், அதில் முதல் ஏழெட்டு நிமிஷம் முடிவெடுக்க. இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை, பழைய தாளைப் பார்க்காமல், திரும்ப எழுதுங்க. புதுக் கேள்வி எழுதினால்தான் முன்னேற்றம் என்று தோணும். ஆனால் அதே தப்பைப் புதுத் தலைப்பில் செய்வதற்கு 43 நோட்டுப் பக்கம் தேவையில்லை.

மனப்பாட வரிகள் பற்றி. "இன் திஸ் மாடர்ன் இரா", "எவ்ரி காயின் ஹேஸ் டூ சைட்ஸ்", "டபுள் எட்ஜ்ட் ஸ்வோர்ட்". தயவுசெய்து விட்டுடுங்க. திருத்துபவர் அதை ஆயிரம் தாளில் பார்த்தவர். அதே மாதிரி, "ஒரு பல்கலைக்கழக ஆய்வின்படி 75 சதவீதம் பேர்" என்று கற்பனைக் கணக்கு எழுதச் சொல்லித்தருகிறார்கள். கேள்வித்தாளிலேயே உங்கள் அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ உதாரணம் தரச் சொல்லியிருக்கு. அந்த நாலு ஸ்டாப்பிங் கதை 75 சதவீதத்தைவிட நன்றாக நிற்கும்.

இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். "என் உண்மையான கருத்தைத்தான் எழுதணுமா?" கட்டாயம் இல்லை. எந்தப் பக்கத்துக்கு உங்களிடம் காரணமும் உதாரணமும் இருக்கோ அந்தப் பக்கம் போங்க. எந்தப் பக்கம் என்பதற்கு மார்க் இல்லை. அரசாங்கத்தைக் குறை சொல்லி எழுதலாமா என்று ஒருத்தர் கேட்டிருந்தார். தாராளமா, காரணத்தோடு.

இன்னொன்று நர்ஸ்கள் கேட்டது: "ஓஇடி எழுதிடலாமா?" யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஓஇடி ரைட்டிங்கில் கருத்துக் கட்டுரை கிடையாது. நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, பெரும்பாலும் ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதச் சொல்வார்கள். வார்டில் நீங்க தினமும் பார்க்கிற சமாச்சாரம். ஆனால் கட்டணம் கூட, அதையும் பார்த்துக்கோங்க. எந்தத் தேர்வு என்பதை, நீங்க போகிற நாட்டின் பதிவு அமைப்பு என்ன ஏற்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்க.

இந்த வாரத்துக் கேள்வி: "வீட்டிலிருந்து வேலை பார்ப்பது ஊழியர்களைவிட முதலாளிகளுக்கே அதிகப் பயன் தருகிறது. எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?" கட்டுரை அனுப்ப வேண்டாம். உங்கள் முடிவை ஒரே வரியில், தமிழிலேயே அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல அதிலிருந்து ஆரம்பிப்போம்.