காரை இயக்கும்போது எழும் பெருஞ்சத்தம்: காரணமும் திருத்தமும்



விடியுமுன் துப்புரவுப் பணிக்கோ வீட்டுப்பணிக்கோ புறப்படுபவருக்குக் கார் இயங்க மறுப்பது வெறும் இடையூறன்று. அன்றைய ஊதியமே போய்விடும். ஆயினும் கார் நின்றுபோவதற்குச் சில நாட்கள் முன்னரே பெரும்பாலும் ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். அதன் தன்மையைச் சரியாக எடுத்துரைப்பவர் கராஜில் வீண்செலவின்றி மீள்வார். "ஏதோ சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்பவருக்குப் பழுதற்ற பாகமும் மாற்றப்படக்கூடும்.

திறப்பைத் திருப்பியதும் 'டக் டக் டக்' என விரைந்து ஒலித்தால், ஸ்ராட்டர் பழுதென்றே பலர் முடிவுகட்டுகின்றனர். பெரும்பாலும் அது பற்றரியின் குறையாகும். ஸ்ராட்டரின் சுவிட்சை இழுக்கும் அளவுக்கு மின்சாரம் உண்டு, இயந்திரத்தைச் சுழற்றும் அளவுக்கு இல்லை. ஆகவே சுவிட்சு மாறிமாறி இழுபட்டு விடுபடுகிறது. பலெர்மோவின் கோடை வெப்பம் பற்றரியை உள்ளிருந்தே நலிவுறச் செய்கிறது. அந்நலிவு வெளிப்படுவதோ மார்கழி, தை மாதக் குளிர்காலையில்தான்.

இதனை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். முன்விளக்கை எரியவிட்டுத் திறப்பைத் திருப்புக. விளக்கு மங்கி அணையுமாயின் பற்றரியோ அதன் இணைப்போ குறையுடையது. விளக்கு மங்காமல், ஒரேயொரு 'டக்' மட்டும் கேட்குமாயின் ஸ்ராட்டரைப் பார்க்கவேண்டும். சில மணிநேரம் ஓய்ந்திருந்த நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். புதிய பற்றரி வாங்குமுன் முனைகளில் வெண்பச்சைப் படிவு உண்டா என நோக்குக. இருப்பின் இணைப்புகளைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி உலர்த்தி இறுகப் பூட்டினாலே பல கார்கள் இயங்கிவிடும். கழற்றும்போது எதிர்முனை முதலில். பூட்டும்போது அது இறுதியில்.

'கர்ர்ர்' என இரும்பு அரைபடும் சத்தம் வேறு. ஸ்ராட்டரின் பற்சக்கரம் இயந்திரத்தின் பெருஞ்சக்கரப் பற்களோடு ஒழுங்காகப் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். மீண்டும் மீண்டும் திறப்பைத் திருப்பிப் பார்ப்பது பெருந்தவறு. பெருஞ்சக்கரத்தின் பற்கள் உடைந்தால் கியர்ப்பெட்டியையே இறக்கவேண்டி வரும். கூலி ஸ்ராட்டரின் விலையையும் விஞ்சும். இதற்கு நாடவேண்டியவர் வாகன மின்வினைஞராகிய எலெத்திராவுத்தோ.

மழைக்கால காலையில் 'கீச்' எனக் கத்திச் சில நொடிகளில் அடங்குவது பெல்ற். மலிவான பொருள், அறுந்துபோகும்வரை காத்திராது மாற்றிவிடுக.

குளிர்ந்த இயந்திரம் முதல் சில நொடிகள் 'சலசல' என்று சங்கிலி போல ஒலித்தால், சமதரையில் காரை நிறுத்தி ஒயில் அளவைப் பார்ப்பதே முதல் வேலை. பியட், லான்சியா, ஓப்பல் கார்கள் பலவற்றில் பொருத்தப்பட்ட 1.3 மல்ட்டிஜெட் டீசல் இயந்திரத்தில் பெல்ற்றுக்குப் பதிலாகச் சங்கிலியே உண்டு. ஒயில் குறைந்தோ பழுதடைந்தோ ஓடியவற்றில் அது தளர்வதுண்டு. 2011 இறுதியில் மூடப்பட்ட தெர்மினி இமெரேசே தொழிற்சாலையின் கார்கள் உட்படப் பழைய பியட், லான்சியா கார்கள் இந்நகரில் இன்றும் மிகுதி. ஆகவே பழைய கார் வாங்குவோர், இயந்திரம் முழுதும் குளிர்ந்திருக்கும்போதே அதை இயக்கிக் கேட்டல் நன்று. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலை வருவதாகச் சொல்லலாம்.

உறுமல் சத்தம் புகைக்குழாயின் குறை. மொந்தெல்லோ போன்ற கடலோரங்களில் நிறுத்தப்படும் கார்களின் குழாயை உப்புக்காற்று அரிக்கிறது. நேற்றுவரை அமைதியாயிருந்த கார் இன்று காலை திடீரெனக் கர்ச்சித்தால் அடியில் குனிந்து பார்க்க வேண்டும்: புகையைத் தூய்மையாக்கும் மர்மித்தா கத்தாலித்திக்கா அறுத்துத் திருடப்பட்டிருக்கலாம். அதனுள் உள்ள பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களுக்காகவே கள்வர் அதை நாடுகின்றனர். உடனே கரபினியேரியிடமோ பொலிசாரிடமோ தெனுன்சியா எழுதிக்கொள்க. கட்டாயக் காப்புறுதி இவ்விழப்பை ஈடுசெய்யாது. திருட்டுக்கான தனிக்காப்பு வேண்டும். அப்பாகமின்றி ஓடும் கார் ரெவிசியோனேயில் தேறாது. புதுக்காருக்கு 4 ஆண்டுகளிலும், பின்னர் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் அப்பரிசோதனை கட்டாயம். குழாய் பழுதான காரை மூடிய கராஜினுள் ஒருபோதும் இயக்கலாகாது. மணமும் நிறமுமற்ற காபன் மோனொக்சைட்டு உயிரைப் பறிக்கும்.

வணிகரிடம் வாங்கிய பழைய காருக்கும் சட்டப்படி உத்தரவாதம் உண்டு. உடன்படிக்கையால் அதைக் குறைத்தாலும் 1 ஆண்டுக்குக் கீழே குறைக்க இயலாது. 2022 முதல், கையளித்து 1 ஆண்டுக்குள் வெளிப்படும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். வழமையான தேய்மானம் இதில் அடங்காது. தனியாளிடம் வாங்கியவருக்கு இவ்வுரிமை இல்லை.

கராஜில் மெக்கானிக் முதலில் வினவுவது, சத்தம் 'ஆ ஃப்ரெத்தோ'வா, 'ஆ கால்தோ'வா என்பதாகும். இயந்திரம் குளிர்ந்திருக்கையிலா, சூடானபின்னா என்று பொருள். சத்தத்தைக் கைத்தொலைபேசியில் பதிந்து சென்றால் மொழித்தடை பாதி நீங்கும். வேலை தொடங்குமுன் 'பிரெவெந்தீவோ' எனும் செலவு மதிப்பீட்டை எழுத்தில் பெறுக. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குக.