ஒரு கணினியில் இரு முறைமைகள்

கொழும்பிலே புதுக்கடை நீதிமன்றங்களுக்குச் சென்று வந்தோர் ஒன்றைக் கவனித்திருப்பர். நாடு ஒன்று, நீதிமன்ற வளவும் ஒன்று, ஆயினும் அங்கே வழங்கும் சட்டம் ஒன்றன்று. உரோம டச்சுச் சட்டம் பொதுச் சட்டமாக நிற்க, யாழ்ப்பாணத் தமிழரின் காணி வழக்கு வருமாயின், 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை புரட்டப்படுகிறது. கண்டிச் சட்டத்துக்கும் முஸ்லிம் சட்டத்துக்கும் இடமுண்டு. ஒன்று மற்றொன்றை வெளியேற்றவில்லை.

கணினியிலும் இத்தகைய ஏற்பாடு இன்று கைகூடியிருக்கிறது. கணினியை ஆளும் சட்டத்துக்குப் பணிசெயல் முறைமை என்று பெயர். வீட்டுக் கணினிகளிற் பெரும்பாலும் உள்ளது விண்டோஸ். இணையச் சேவையகங்களிற் பெரும்பாலானவற்றில் உள்ளதோ, 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் பின்லாந்து மாணவர் தொடங்கிய லினக்ஸ். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். ஆகவே, வீட்டிலே செவ்வனே ஓடிய செய்நிரல், சேவையகத்திலே கோப்பைக் காணாது நின்றுவிடுவதுண்டு.

லினக்ஸைப் பழக விரும்பிய மாணவன் முன்பெல்லாம் வன்தட்டைப் பிரிக்க வேண்டியிருந்தது. கை தவறினால் தந்தையின் கணக்கு, தமக்கையின் பாடக்குறிப்பு, குடும்பத்தின் நிழற்படங்கள் யாவும் போய்விடும். ஒரே கணினியை நால்வர் பயன்படுத்தும் வீட்டில் எவருக்குத் துணிவு வரும்?

அந்த அச்சத்தை நீக்கும் வழி 2016இல் வந்தது. விண்டோஸின் உள்ளேயே லினக்ஸ் செய்நிரல்களை இயக்கும் வசதியை மைக்ரோசாப்ட் வழங்கியது. முதற் பதிப்பு மொழிபெயர்ப்பாளரைப் போன்றது. லினக்ஸின் கட்டளைகளை விண்டோஸுக்குப் பெயர்த்துச் சொன்னது. 2019இல் அறிமுகமான இரண்டாம் பதிப்பு, சிறியதொரு மெய்நிகர் இயந்திரத்துள் உண்மையான லினக்ஸ் கருவையே இயக்குகிறது.

அமைப்பதும் கடினமன்று. நிர்வாகி உரிமையோடு பவர்ஷெல்லைத் திறந்து, 'டபிள்யூ.எஸ்.எல்.' என்பதன்பின் ஓர் இடைவெளியும் இரண்டு சிறு கோடுகளும் இட்டு, 'இன்ஸ்டால்' என ஆங்கிலத்தில் எழுதினால் உபுண்டு வந்து சேரும். கணினியை மறுபடி தொடக்கிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தல் வேண்டும். செய்நிரற் கோப்புகளை லினக்ஸின் பகுதியிலேயே வைத்தால் வேலை விரைந்து நடக்கும்.

எச்சரிக்கையும் வேண்டும். நினைவகத்தை இரண்டு முறைமைகளும் பகிர்வதால், நினைவகம் குறைந்த கணினி திணறும். உபுண்டுவின் பதிவை நீக்கினால் அதனுள் இருந்த கோப்புகளும் அழிந்துவிடும்; அவற்றுக்குப் படியெடுத்து வைத்தல் நன்று.

இத்துணை முயற்சியும் எதற்கெனக் கேட்கலாம். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கைக் கரையை அழித்தபோது, இந்நாட்டுச் செய்நிரலாளர் தன்னார்வமாகத் திரண்டு, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதியும் 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருளை ஆக்கினர். 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போதும் அது உதவிற்று. அத்தகைய கைகள் இன்னும் வேண்டும். அவற்றுள் ஒன்று, ஒரே கணினி உள்ள வீட்டிலிருந்தும் வரக்கூடும். அவ்வீட்டுப் பிள்ளை எவருடைய கோப்பையும் இழக்காமற் பழக இப்பொழுது வழி திறந்திருக்கிறது.